ஓதமும் துருவும்: காரைக்குடியிலிருந்து கடல்வரை

வியாழக்கிழமை, காரைக்குடி

கடல் நாள்தோறும் ஏறி வற்றும் ஓதத்திலிருந்தும் அதன் அலையிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் முயற்சிகளைப் பற்றி எழுதக் கிளம்பியவன், கடற்கரையே இல்லாத காரைக்குடியில் வந்து இறங்கியதைக் கேட்டு நண்பர்கள் சிரித்தார்கள். இறங்கியதற்குக் காரணம் உண்டு. ஊர்க்காரர்கள் சுருக்கமாகச் ‘சிக்ரி’ என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த வறண்ட செம்மண்ணுக்கு வந்து சேர்ந்த நிறுவனம் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், மின்முலாம் ஆகியவற்றோடு உலோகம் ஏன் அரிக்கப்படுகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதும் அங்கே தொடக்கத்திலிருந்து நடந்துவரும் ஆய்வு. கடலோரச் சோதனைகளுக்காக மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

கடல் மின்சாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடலின் வலுவைப் பற்றியே எழுதுகிறார்கள். கடலில் வலு இருக்கிறதா என்பது ஒரு கேள்வியே அல்ல. அந்த வலு ஓரிடத்தில் குவிந்து கிடைக்கிறதா, கிடைத்தாலும் உப்பு நீரில் இருபது முப்பது ஆண்டுகள் நின்று அதை வாங்கிக் கொடுக்கும் இயந்திரம் நம்மிடம் இருக்கிறதா என்பவையே கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை தேடுகிறவன் கடற்கரைக்குப் போவதற்கு முன்னால் துருவைத் தெரிந்தவர்களிடம் போவதுதான் முறை.

அப்படித் தெரிந்த ஒருவர் இந்தப் பயணம் முழுவதும் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார். உலோக அரிப்புச் சோதனைகளிலேயே வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். இன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் பயணத் திட்டத்தைப் போட்டோம். சனிக்கிழமை ஆனி அமாவாசை என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அன்றைக்குத் தொண்டி, மறுநாள் தேவிபட்டினம் வழியாக மண்டபம் என்று முடிவு செய்தார்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தது சடங்குக்காக அல்ல. ஓதம் நிலவும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் வருவது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் அதிகமாகும். அட்டமியை ஒட்டிய நாட்களில் செங்குத்தாக நின்று இழுப்பதால் குறையும். ஆகவே இன்ன தேதியில், இன்ன நேரத்தில், கடல் எவ்வளவு உயரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம். காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் இல்லாத இந்த உறுதிதான் ஓத மின்சாரத்தின் முதல் சிறப்பு. அலையின் கதை வேறு. அது காற்றின் பிள்ளை. தொலைவில் எங்கோ அடித்த காற்று கடல்பரப்பில் விட்டுச் சென்ற ஆற்றல்தான் அலையாகக் கரைக்கு வருகிறது. அதற்குத் திதி கிடையாது, பருவம் மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு எழுதும் வழக்கம் இருந்தாலும் இரண்டின் இயந்திரங்களும் கணக்குகளும் வேறு வேறு.

வெள்ளிக்கிழமை, கானாடுகாத்தான்

அண்ணனின் உறவுக்கார ஆச்சி ஒருவரின் பழைய வீட்டில் தங்கியிருக்கிறோம். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிட்ட கையோடு, அண்ணன் என்னை முற்றங்களின் வழியாகப் பின்கட்டு வரைக்கும் அழைத்துக்கொண்டு போனார். விருந்தினர்கள் இங்கே பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்ப்பார்கள். அண்ணன் பார்த்ததெல்லாம் இரும்பு: கூரையைத் தாங்கும் உத்தரம், மாடி வராந்தாவின் வார்ப்பிரும்புத் தூண், ஜன்னல் கம்பி, பீங்கான் சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் திருகாணி. கப்பலில் வந்து இறங்கிய இந்த இரும்பு ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இங்கே நிற்கிறது; பெயின்ட் உரிந்த இடத்தில் மேலாகப் பழுப்பேறியிருக்கிறதே தவிர, விரல் நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரவில்லை.

“இதே கம்பியை மண்டபத்துல வச்சிருந்தா, தம்பி, உங்க கையில பொடியாத்தான் வந்திருக்கும்” என்றார். துருப் பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் கரைசலாகி, இரும்பின் மேல் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு மின்கலங்கள் உண்டாகின்றன. ஒரு புள்ளியில் இரும்பு எலக்ட்ரானை விட்டுக் கரைய, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. செட்டிநாட்டு இரும்பு பிழைத்தது அதன் தரத்தால் மட்டுமல்ல, கடலைவிட்டு இத்தனை தள்ளி நின்றதாலும்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் நகரத்தார் உள்நாட்டுக்கு வந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதையை ஆச்சியும் சொன்னார். வரலாறு எதுவாக இருந்தாலும், இரும்பைப் பொறுத்தவரை அது நல்ல முடிவுதான்.

பிற்பகலில் பட்டாலையில் உட்கார்ந்து, உலகில் ஓதத்தை அணைகட்டிப் பிடித்த இடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966-இல் திறக்கப்பட்ட நிலையம்தான் இத்துறையின் மூத்த பிள்ளை. 750 மீட்டர் நீள அணை. அதற்குள் தலா 10 மெகாவாட் திறனுள்ள 24 விசையாழிகள் (டர்பைன்கள்). மொத்தம் 240 மெகாவாட். அங்கே ஓதத்தின் சராசரி ஏற்றவற்றம் சுமார் 8 மீட்டர், உச்சம் 13 மீட்டருக்கும் மேல். கடல் ஏறும்போது மதகைத் திறந்து கழிமுகத்தை நிரப்பி, இறங்கும்போது உள்ளே நிற்கும் நீரை விசையாழி வழியாக விடுகிறார்கள். தேவைப்பட்டால் எதிர்த்திசையிலும் அவை சுழலும். தென்கொரியாவின் சிவா ஏரி நிலையம் 2011-இல் தொடங்கியது, 254 மெகாவாட். அதன் பிறப்பு வேறு வகை. முன்பே கடற்சுவர் கட்டிப் பிரித்த ஏரி தொழிற்சாலைக் கழிவால் நாறிப்போனதால், கடல்நீரை மறுபடி உள்ளே விட வேண்டிய கட்டாயம் வந்தது. விடுகிற நீரில் மின்சாரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். சுவருக்கான செலவு ஏற்கெனவே முடிந்திருந்தது. இந்த விவரம் முக்கியமானது. பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி, “அப்ப அமாவாசைக்கு நிலாவே இல்லையே, அன்னைக்குக் கரண்டு வராதா?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. கண்ணுக்குத் தெரியாத நிலவும் இழுக்கத்தான் செய்கிறது. அன்றுதான் சூரியனும் அதே பக்கம் நின்று இழுப்பதால் மின்சாரம் கூடுதலாக வரும் என்று சொன்னேன். குறைவது அரைநிலா நாட்களில்தான். அதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால் ஒவ்வொரு நாளும் உற்பத்தி நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த வாரம் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கிடைத்த மின்சாரம் அடுத்த வாரம் நள்ளிரவில் கிடைக்கும். எப்போது வரும் என்பது துல்லியமாகத் தெரியும், நமக்கு வேண்டியபோது வருமா என்பது வேறு. “மருமகன் மாதிரியா?” என்றார் ஆச்சி. மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை, தொண்டி

தேவகோட்டை, திருவாடானை வழியாக விடியற்காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டோம். வழி நெடுகக் கருவேலங்காடும் வற்றிய கண்மாய்களும். ஒரு காலத்தில் இலங்கைக்குத் தோணிகள் போய்வந்த துறை இது. இப்போது நாட்டுப்படகுகளும் நண்டு வலைகளும். பாக் நீரிணைக் கடல் தட்டையாகக் கிடந்தது. கரையில் மோதும் அலை கணுக்காலைத் தாண்டவில்லை.

இக்கடல் மிக ஆழமற்றது. சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லை. இலங்கைத் தீவு தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் நெடும் அலைகளை மறித்துக்கொள்கிறது. தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் இந்த மாதங்களில் இங்கே எப்போதும் அமைதிதான். வாடைக்காற்று வீசும் மாதங்களில்தான் இந்தக் கடல் சினந்துகொள்ளும் என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்.

படகு கட்டும் கழி ஒன்றில் காலையில் நீர் நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்து, பிற்பகலில் போய்ப் பார்த்தோம். அமாவாசை நாளிலும் வித்தியாசம் ஏறக்குறைய அரை மீட்டர். அண்ணன் தம் பையிலிருந்து தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் ஓத மின்சாரத்தைப் பற்றிய பெரும்பாலான வாக்குறுதிகளை இந்த ஒரு கணக்கே எடைபோட்டுவிடும்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேக்கத்தைக் கட்டி, அதை ஏற்றத்தில் நிரப்பி வற்றத்தில் காலி செய்வதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கக்கூடிய ஆற்றல் நீரின் எடையையும் அது விழும் உயரத்தையும் பொறுத்தது. ஆனால் உயரம் கூடினால் நீரின் அளவும் சேர்ந்து கூடுவதால், ஆற்றல் ஏற்றவற்றத்தின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, ஏற்ப வளர்கிறது. தொண்டியின் அரை மீட்டருக்கு ஒருமுறை காலி செய்தால், எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது சுமார் 350 யூனிட். நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பெயருக்கு எதிரே இருக்கக்கூடிய எண் அது. அதே பரப்பில் ஏற்றவற்றம் 5 மீட்டராக இருந்தால் கிடைப்பது பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு: சுமார் 35,000 யூனிட். உண்மையில் அரை மீட்டர் உயரத்துக்கு விழும் நீரில் விசையாழி ஒழுங்காகச் சுழலக்கூடச் சுழலாது. ஒரு சதுர கிலோமீட்டர் கடலைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மீனவர்களின் பிழைப்பையும் கடற்புல் மேய்ச்சலையும் கெடுத்து, ஒரு வீட்டின் இரண்டு மாத மின்சாரம்! கடலில் கரைத்த பெருங்காயத்தைத் திரும்ப எடுக்க முயல்வது இதுதான்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும் இடங்கள் குஜராத்தில் உள்ளன. காம்பே வளைகுடாவில் உச்ச ஏற்றவற்றம் 11 மீட்டர் வரையிலும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரையிலும் போகிறது. வங்கத்தின் சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற நீரோடையில் 3.75 மெகாவாட் நிலையமும், கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையமும் பேசப்பட்டு, திட்டமிடப்பட்டு, செலவைப் பார்த்துக் கைவிடப்பட்டன. இன்றுவரை நாட்டில் வணிகமுறையில் ஓடும் ஓத மின்நிலையம் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிருந்து தென்மேற்கே, இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. வெயில் இந்த மண்ணுக்குக் குறைவில்லாத பொருள். நிறுவிய உச்சத் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் ரான்ஸ் நிலையத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இதைச் சொன்னபோது அண்ணன் எதிர்த்தார்: இரவில் அது ஓடாதே, ரான்ஸ் அறுபது ஆண்டை நெருங்கியும் ஓடிக்கொண்டிருக்கிறதே, மின்தகட்டுக்கு அந்த ஆயுள் உண்டா என்று. வாதம் திருவாடானை வரைக்கும் நீண்டது. அவர் சொன்னதில் ஆயுள் பற்றிய பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயுளுக்குப் பின்னால் இருக்கும் வேலையை நாளைக்கு விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன்

உச்ச ஓதம் அமாவாசை அன்றைக்கே வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிந்தியே வரும். அதனால் இன்றைய காலை தேவிபட்டினத்துக்கு. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பதும் பக்தர்களுக்கு நவக்கிரகங்கள். ஓதத்தைப் பார்க்க வந்தவனுக்கு அவை இயற்கையாக அமைந்த அளவுகோலும்கூட. பாசி படிந்த ஈரக் கோட்டுக்கும் அப்போதைய நீர்மட்டத்துக்கும் இருந்த இடைவெளி நேற்றுத் தொண்டியில் பார்த்ததைவிடச் சற்றே கூடுதல். ராமருக்காகக் கடலை அடக்கிக் கொடுத்தவர் என்று இவ்வூர்ப் பெருமாளுக்குக் கடலடைத்த பெருமாள் என்றே பெயர். அலை மின்சாரம் தேடி வந்தவன் வணங்க வேண்டிய தெய்வமா அது என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கற்களில் நீர் ஏறி இறங்கும் உயரத்தில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் அப்பியிருந்ததை அண்ணன் காட்டினார். கடலில் வைத்த எதன் மேலும் சில வாரங்களில் முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம், பிறகு பாசி, பிறகு கொட்டலசும் சிப்பியும் குடியேறிவிடும். விசையாழியின் இறகில் அது படிந்தால் நீரோட்டத்தின் வழுவழுப்புக் கெட்டு உற்பத்தி குறையும். அதன் அடியில் ஆக்சிஜன் புகாத இடங்கள் உண்டாகி அங்கே அரிப்புத் தொடங்கும். அதைச் சுரண்டி எடுக்க நீரில் மூழ்கி வேலை செய்பவர்களும் படகும் அமைதியான கடலும் வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் இடத்தில் மின்சாரம் இருக்காது.

மண்டபத்துக்கு வந்ததும் கடல் இரண்டாகப் பிரிந்தது. வடக்குக் கரையில் தொண்டியின் அதே தட்டையான நீர். சிறிது தூரம் நடந்து தெற்குக் கரைக்குப் போனால் மன்னார் வளைகுடா, சோழகத்தில் நுரைத்துக்கொண்டு. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்பார்கள் இங்குள்ளவர்கள். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரத்துக்கும் ஏற்ப அமையும். தொண்டியில் பார்த்ததைவிடத் தாராளமாகவே வைத்து, அரை மீட்டர் அலை நான்கு விநாடிக்கு ஒன்றாக வந்தால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் கிடைப்பது சுமார் அரை கிலோவாட். திறந்த கடலில் இரண்டு மீட்டர் அலை பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் ஏறக்குறைய 20 கிலோவாட். இந்தக் கணக்கால்தான் நம் நாட்டில் அலை மின்சாரத்துக்குக் கன்னியாகுமரியை ஒட்டிய தென்முனையை எல்லாரும் சுட்டுகிறார்கள்.

இன்று ஞாயிறு என்பதால் சோதனைக் களத்துக்குள் போகவில்லை. சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து அண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். உலோகத் தகடுகளை எடைபோட்டு, எண் குத்தி, சாய்வான சட்டங்களில் கடற்காற்றுக்கு எதிரே மாட்டி வைப்பார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கழித்து எடுத்து, துருவை நீக்கி மறுபடி எடைபோட்டால், குறைந்த எடை அந்த உலோகம் ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்பதைச் சொல்லும். இன்னும் சில தகடுகள் கடலுக்குள் வெவ்வேறு ஆழங்களில் தொங்கும்.

அந்த ஆழ வேறுபாட்டில்தான் கடல் மின்சாரத்தின் முழுத் தொல்லையும் இருக்கிறது. “இரும்பு கடலுக்குள்ள முழுசா இருந்தாக்கூடப் பிழைச்சுக்கும் தம்பி. கடலுக்கும் காத்துக்கும் நடுவுல நின்னா பிழைக்காது” என்றார். முழுக்க மூழ்கிய இரும்புக்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். அதோடு துத்தநாகக் கட்டிகளை இணைத்துவிட்டால் இரும்புக்குப் பதிலாக அவை கரையும்; அல்லது வெளியிலிருந்து சிறிது நேர்மின்சாரத்தைச் செலுத்தி இரும்பு கரையாமல் காக்கலாம். ஆனால் தெறிநீர் படும் பட்டையில், நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் இடத்தில், உப்பு அடர்ந்து படிகிறது, ஆக்சிஜன் வேண்டிய அளவு கிடைக்கிறது. இடையில் தொடர்ச்சியான நீர் இல்லாததால் துத்தநாகமும் மின்சாரமும் அங்கே காவலுக்கு வர முடியாது. நாம் எவர்சில்வர் என்று சொல்லும் எஃகும் இங்கே முழுப் பாதுகாப்பல்ல. அதன் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு ஊசிமுனை அளவுக்குத் துளைக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும்போதே உள்ளே குழி விழுந்துகொண்டிருக்கும். அலை இயந்திரம் என்பதோ, அதன் தொழிலின் காரணமாகவே, சரியாக அந்தப் பட்டையில்தான் நின்றாக வேண்டும்.

ரான்ஸ் இத்தனை காலம் ஓடுவதன் மர்மமும் இதுதான். அதன் விசையாழிகள் நீருக்கடியில் முழுகி நிற்கின்றன. தொடக்கத்திலிருந்தே வெளிமின்சாரம் செலுத்தி அவற்றை அரிப்பிலிருந்து காத்துவருகிறார்கள். தான் உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைத் தன் உடம்பைக் காப்பதற்கே அந்த நிலையம் செலவிடுகிறது.

மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றோம். கீழே கடல் ஆறாக ஓடியது. இந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்கு, அதாவது வடக்கு நோக்கி, வாடைக்காலத்தில் எதிர்த்திசை. அணை கட்டாமல் நீரோட்டத்திலேயே விசையாழியை நிறுத்தும் முறை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீர்ச்சந்தியில் தலா 1.5 மெகாவாட் கொண்ட நான்கு விசையாழிகள் கடலடியில் அப்படி நிற்கின்றன. அங்கே ஓட்டம் விநாடிக்கு 5 மீட்டர் வரைக்கும் போகும். ஓட்டத்தின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால் இந்த வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோவாட், இரண்டரை மீட்டர் வேகத்தில் 8 கிலோவாட். பாம்பனில் பாலத்துத் தூண்களை ஒட்டி நீர் சுழித்து ஓடுவது கண்ணுக்கு வேகமாகத்தான் தெரிகிறது; ஆனால் கால்வாய் குறுகியது, படகுகள் போக வேண்டிய வழி அது, பக்கத்திலேயே 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. ஒரு சிறு சோதனை இயந்திரத்துக்கு மேல் இங்கே எதுவும் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பக்கத்தில் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும். உலகிலேயே அரிப்பு மிகுந்த இடங்களில் இது இரண்டாவது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வரிசையை யார் போட்டார்கள் என்று கேட்டால் அண்ணன் சிரிக்கிறார். வரிசை எப்படி இருந்தாலும், கான்கிரீட்டுக்குள் எவர்சில்வர் கம்பியும் எஃகின் மேல் பாலிசிலாக்சேன் என்ற காப்புப் பூச்சும் கொடுத்துத்தான் இங்கே பாலம் கட்ட முடிந்திருக்கிறது. பாலம் அசையாமல் நிற்பது. விசையாழியோ அதே உப்பில் சுழல வேண்டும்.

திங்கட்கிழமை, காரைக்குடி

நேற்று இரவே திரும்பிவிட்டோம். காலையில் அண்ணன் வீட்டில் அலை இயந்திரங்களின் வரலாற்றை மட்டும் பேசினோம். அதில் நம் நாட்டுக்கு முன்வரிசை இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில் 1991-இல் கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் நிலையம் நிறுவப்பட்டது. கடலடியில் அமர்த்திய பெரிய கான்கிரீட் அறை. அதன் வாய் நீருக்கடியில் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறும்போது அறையிலுள்ள காற்று மேல்துளை வழியாக வெளியே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் விசையாழி மேலே இருக்கும். பெல்ஃபாஸ்டில் ஆலன் வெல்ஸ் 1970-களில் கண்டுபிடித்ததால் அதற்கு வெல்ஸ் விசையாழி என்று பெயர்.

இந்த அமைப்பின் அழகு அண்ணன் நேற்றுச் சொன்னதோடு பொருந்துகிறது: சுழலும் பாகம் எதுவும் கடல்நீரைத் தொடுவதில்லை. உப்புக் காற்று தொடுகிறது, அது வேறு. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் வரும் அலைக்கும் மற்ற மாதங்களின் அலைக்கும் இருந்த பெரிய வேறுபாட்டால் விழிஞ்ஞத்தின் உற்பத்தி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னாளில் அந்த மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். 2011-இல் அது நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டில்தான் ஸ்பெயினின் முத்ரிகு என்ற சிற்றூரில் இதே கொள்கையில் 296 கிலோவாட் நிலையம் தொடங்கியது. அங்கே அலைதடுப்புச் சுவர் ஒன்று எப்படியும் கட்ட வேண்டியிருந்ததால், அதற்குள்ளேயே 16 அறைகளை வைத்துக் கட்டிவிட்டார்கள். நடுக்கடலில் மிதக்கவிட்ட இயந்திரங்களின் கதி வேறு. பாம்பு வடிவில் மிதந்து மடங்கும் பெலாமிஸ் இயந்திரங்கள் மூன்று 2008-இல் போர்ச்சுக்கல் கரைக்கு அப்பால் நிறுத்தப்பட்டு, சில மாதங்களிலேயே பழுதுக்காகக் கரைக்கு இழுத்து வரப்பட்டன. 2014-இல் அந்த நிறுவனமே நொடித்துப்போனது. புயலைத் தாங்கும் அளவுக்குக் கனமாகக் கட்டினால் விலை கட்டுப்படியாகாது, விலைக்கு ஏற்ப இலேசாகக் கட்டினால் புயல் விடாது.

சென்னை ஐ.ஐ.டி. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழத்தில், சிந்துஜா-1 என்ற மிதவை இயந்திரத்தைச் சோதித்தது. அது கொடுத்தது 100 வாட். ஒரு குண்டு பல்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். கரையிலிருந்து கம்பி இழுக்க முடியாத இடத்தில் நிற்கும் வழிகாட்டு மிதவைக்கும் அளவைக் கருவிக்கும் 100 வாட் என்பது போதும் போதும் என்ற அளவு. அங்கே போட்டி ஒரு யூனிட் விலையோடு அல்ல, படகு எடுத்துப் போய் பேட்டரி மாற்றும் செலவோடு. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் அலையால் எரியும் வழிகாட்டு மிதவையை இந்த நோக்கத்தில்தான் நிறுத்திப் பார்த்தது.

என் முடிவுகள் இரண்டு. செட்டிநாட்டுக்கு அருகில் உள்ள கடலில், தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ, ஓதத்துக்கும் அலைக்கும் பணம் போடுவது வீண். அந்தப் பணம் வெயிலுக்குப் போகட்டும். குமரி மாவட்டத்தில் குளச்சலை ஒட்டிய கடற்கரையில் இனிக் கட்டப்போகும், நீட்டப்போகும் அலைதடுப்புச் சுவர்களில் சில மீட்டர் நீளத்துக்காவது முத்ரிகுவின் முறையில் அறைகளை விட்டுக் கட்டிப் பார்க்கலாம். சுவரின் செலவு மீன்பிடித் துறைமுகக் கணக்கில் எப்படியும் போகிறது, சிவா ஏரியில் போனது போல.

அண்ணன் இதை ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அறையைக் கட்டுவதற்கு முன்பே, அதில் போடப்போகும் கம்பி, திருகாணி, இறகு, பூச்சு எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, எடைபோட்டு, அதே கரையில், அதே தெறிநீர் உயரத்தில் இரண்டு ஆண்டாவது தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஒப்பந்தப்புள்ளி கேட்கும் ஆண்டிலேயே அதைத் தொடங்கினால் காலமும் வீணாகாது. ஆகும் செலவு சில சட்டங்களும், தகடுகளும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு ஆளும்தான்.